கிராப் கவர் போட்டு தர்பூசணி, முலாம்பழம், வெள்ளரியை இயற்கை முறையில் காப்பது: முழுமையான வழிகாட்டி

இயற்கை முறையில் தர்பூசணியோ முலாம்பழமோ போடுகிறவர்களுக்கு நட்ட முதல் 25 நாள்தான் கண்டம். அந்த நாட்களில் சிவப்பு வண்டு வித்திலையை, அதாவது விதை முளைத்ததும் வரும் முதல் இலைகளை, தின்றுவிடும். வெள்ளை ஈ, அசுவினி, இலைப்பேன் ஆகியவை நச்சுயிரி நோய்களைக் கொண்டுவந்து இறக்கும். நச்சுயிரி ஏறிய செடிக்கு மருந்து கிடையாது, பிடுங்கத்தான் வேண்டும். வேப்பெண்ணெய் மட்டும் கையில் இருக்கும் விவசாயிக்கு, அந்த 25 நாளைக் கடத்தித் தரும் கருவி கிராப் கவர் என்கிற மூடுதுணி.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். துணி வெளியே இருக்கும் பூச்சியை வெளியே நிறுத்தும். உள்ளே இருப்பதைக் கொல்லாது, சொல்லப்போனால் பாதுகாத்துக் கொடுக்கும். புதிதாகப் போடுகிறவர்கள் தடுமாறும் இடங்களில் பாதிக்கு மேல் இதிலிருந்து வருபவை. அதனால்தான் கீழே உள்ள வேலைகளை வரிசை மாற்றாமல் செய்ய வேண்டும்.

விழுப்புரம், செங்கல்பட்டுப் பக்கத்து மணல் கலந்த செம்மண்ணில், மழை ஓய்ந்து மார்கழி–தை மாதத்தில் நடும் பயிரை வைத்து இது எழுதப்பட்டது. வேறு பட்டத்துக்கு எங்கே மாற வேண்டும் என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

## 1. துணி எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது

சிவப்பு வண்டு, வெள்ளை ஈ, அசுவினி, இலைத்துளைப்பான் ஈ ஆகியவற்றை ஒழுங்காக மூடிய துணி நன்றாகத் தடுக்கும். இவை பரப்பும் தேமல், இலைச்சுருள் நோய்களும் அதனால் குறையும். அசுவினி தேமல் நச்சுயிரியைச் செடிக்குள் செலுத்த ஒரு நிமிடம்கூடத் தேவையில்லை. எந்த மருந்தும் அதற்குள் பூச்சியைக் கொல்லாது. பூச்சி இலையைத் தொடாமலே பார்த்துக்கொள்வதுதான் இங்கே வழி.

இலைப்பேன் மிகச் சிறியது. நெய்யாத துணி அதைப் பெரும்பாலும் தடுக்கும், வலையில் கண் வழியாக நுழைந்துவிடும். தர்பூசணியில் மொட்டுக் கருகல் நச்சுயிரியைப் பரப்புவது இலைப்பேன் என்பதால், அந்த நோய் வழக்கமாக வரும் ஊர்களில் இந்த வேறுபாடு முக்கியம்.

சாம்பல் நோயும் அடிச்சாம்பல் நோயும் காற்றில் வரும் பூசண வித்துகளால் பரவுபவை. துணி அவற்றைத் தடுக்கும் என்று நம்ப வேண்டாம். உள்ளே ஈரம் தேங்கினால் அடிச்சாம்பல் கூடவும் செய்யும்.

பழ ஈ பிஞ்சில் முட்டையிடும். பிஞ்சு வரும் நேரத்தில் துணி எடுக்கப்பட்டிருக்கும். ஆகவே பழ ஈக்குத் தனி ஏற்பாடு வேண்டும், அது 10-ஆம் பகுதியில்.

## 2. துணியா, வலையா?

கடையில் கிராப் கவர் என்று கேட்டால் தருவது நெய்யாத பாலிபுரொப்பிலீன் துணி. ஒரு சதுர மீட்டருக்கு 17 கிராம் எடையுள்ளது பொதுவாக ஓடுகிறது. மகாராஷ்டிரத்தில் தர்பூசணி, முலாம்பழத்துக்குப் பரவலாகப் போடுவதும் இதுதான். புற ஊதாக் கதிர் தாங்கும் வகையா என்று கேட்டு வாங்குங்கள். தாங்காத துணி சில வாரத்திலேயே வெயிலில் நைந்து பொடியாகும்.

இந்தத் துணிக்குள் வெப்பம் வெளியைவிடக் கூடுதலாக இருக்கும். மார்கழி, தையில் அது நல்லதுதான், இளஞ்செடி வேகமாக வளரும். மாசிக்குப் பிறகு நட்டால் அதே துணி செடியை வேகவைத்துவிடும். அப்போது 40 மெஷ் (ஓர் அங்குலத்துக்கு 40 கண்) பூச்சித் தடுப்பு வலைக்கு மாறுங்கள். விலை கூடும், இலைப்பேன் நுழையும், ஆனால் காற்று ஓடும். ஒரு துணியைப் போட்டுப் பார்த்துச் சந்தேகமாக இருந்தால், ஒரு வெப்பமானியைச் செடி உயரத்தில் நிழலாகத் தொங்கவிடுங்கள். உள்ளே நண்பகலில் 40 டிகிரியைத் தாண்டி மணிக்கணக்கில் நின்றால் அந்தப் பட்டத்துக்குத் துணி சரிப்படாது.

"வெயில் நேரத்தில் ஓரத்தைத் தூக்கிவிட்டு மாலையில் மூடிக்கொள்ளலாமே" என்று பலர் கேட்கிறார்கள். வெள்ளை ஈயும் வண்டும் பகலில் பறப்பவை. பகலில் திறந்து இரவில் மூடினால் பூச்சிக்கு வீடு கட்டிக் கொடுத்த கணக்கு.

சான்று பெற்ற இயற்கை விவசாயிகள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். தேசிய அங்கக உற்பத்தித் திட்டத்தின் (NPOP) தரவிதிகள் மூடுதுணி, மல்ச்சிங் ஷீட் (பாத்தி மண்ணை மூடும் பிளாஸ்டிக் விரிப்பு), பூச்சி வலை ஆகியவற்றுக்குப் பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீன் போன்றவற்றை ஏற்கின்றன. பி.வி.சி. வகைக்கு அனுமதி இல்லை. பயன்படுத்திய பின் மண்ணிலிருந்து எடுத்துவிட வேண்டும், நிலத்தில் எரிக்கக் கூடாது. வாங்கிய ரசீதைப் பண்ணைப் பதிவேட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

## 3. வாங்கும் முன் அளவுக் கணக்கு

துணியை முதலில் வாங்கிவிட்டு அதற்கேற்ப வளைவு அடிப்பது வழக்கமான தவறு. பாத்தியின் அடி அகலத்திலிருந்து கணக்கைத் தொடங்க வேண்டும்.

பாத்தியின் அடி அகலம் 80 செ.மீ., வளைவின் உயரம் தரையிலிருந்து 40 செ.மீ. என்று வைத்தால், வளைவின் நீளம் சுமார் 1.25 மீட்டர். 1.6 மீட்டர் அகலத் துணியில் மிச்சம் 35 செ.மீ. பக்கத்துக்கு 17 செ.மீ. மண்ணுக்குள் போகும். இதற்குக் குறைந்தால் காற்று பிடுங்கிவிடும். மரக்காணம் போலக் கடற்காற்று அடிக்கும் இடங்களில் இன்னும் அகலமான துணி எடுப்பேன்.

வளைவுக்கு 4 மி.மீ. துத்தநாகம் பூசிய கம்பி நன்று. வளைவு 1.25 மீட்டர், இரு காலும் மண்ணில் இறங்க 20 செ.மீ. வீதம் 40, ஆக மொத்தம் 1.65 மீட்டர் துண்டு. மூங்கில் பிளாச்சு மலிவு, ஆனால் சிலாம்பு துணியைக் கிழிக்கும். பழைய சொட்டுநீர்க் குழாயை நீளவாக்கில் கீறி, வளைவின் மேல்பகுதியில் மாட்டிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

வரிசைக்கு வரிசை 6 அடி என்றால் ஒரு ஏக்கரில் சுமார் 2,200 மீட்டர் பாத்தி வரும். ஒன்றரை மீட்டருக்கு ஒரு வளைவு, ஆக ஏறத்தாழ 1,500 வளைவுகள். துணி 2,350 முதல் 2,400 மீட்டர் வேண்டும். பாத்தி முனைகளில் முடிந்து புதைக்கவும், இழுக்காமல் சற்றுத் தளர்வாகப் போடவும் அந்த அதிகப்படி. செடிக்குச் செடி 2 அடி என்றால் சுமார் 3,650 செடி. மறுநடவுக்கும் சேர்த்து 4,000 நாற்று.

முதல் தடவை போடுகிறவர்கள் முழு ஏக்கருக்கும் இறங்க வேண்டாம். மூடுவதற்கும் எடுப்பதற்கும் எத்தனை ஆள் பிடிக்கிறது என்பது நான்கைந்து பாத்தியில் செய்து பார்த்தால்தான் தெரியும். திறக்கும் நேரம் வந்தால் இரண்டு, மூன்று மாலைக்குள் முடித்தாக வேண்டும், அந்த நேரத்தில் ஆள் கிடைக்காமல் திண்டாடுகிறவர்கள் அதிகம்.

## 4. நிலம்: உள்ளே எதுவும் இருக்கக் கூடாது

சிவப்பு வண்டின் புழு மண்ணில் வேரைத் தின்று அங்கேயே கூட்டுப்புழு ஆகிறது. பழ ஈயின் கூட்டுப்புழுவும் மண்ணுக்குள்தான். போன பட்டத்தில் பூசணி, சுரை, பாகல், வெள்ளரி எது நின்ற இடத்திலும் துணி போட்டால், வண்டு துணிக்கு உள்ளேயிருந்தே முளைத்து வரும். அந்த வண்டுக்கு வெளியே போகவும் வழி இல்லை, தின்ன நாற்று தயாராக இருக்கிறது.

ஆகவே குறைந்தது இரண்டு ஆண்டாக இந்தப் பூசணிக் குடும்பத்துப் பயிர் நிற்காத நிலத்தைத் தேர்ந்தெடுங்கள். முந்தைய பயிர் நெல், கம்பு, எள் போன்று இருந்தால் நல்லது. கோடை உழவு ஓட்டி வைத்தால் கூட்டுப்புழுக்கள் மேலே வந்து வெயிலிலும் பறவை வாயிலும் அழியும்.

அடுத்து வேலி. வேலியில் ஏறிக் கிடக்கும் கோவைக் கொடியும் தரிசில் படர்ந்திருக்கும் குமட்டியும் இந்தக் குடும்பம்தான். பூச்சியும் நச்சுயிரியும் பயிர் இல்லாத காலத்தில் அங்கேதான் தங்கும். நடவுக்கு மூன்று வாரம் முன்பாக அவற்றை வெட்டி அகற்றுங்கள். நடவுக்கு முந்தின நாள் வெட்டினால், இருக்க இடமில்லாத பூச்சி நேராக உங்கள் நாற்றுக்கு வரும். பார்த்தீனியத்தையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நிலத்தைச் சுற்றி இரண்டு வரிசை மக்காச்சோளம், நடவுக்கு 15 முதல் 20 நாள் முன்பே விதைத்துவிடுங்கள். துணி இருக்கும்போது அதற்கு வேலை இல்லை. துணியை எடுத்த பிறகு வெள்ளை ஈயும் அசுவினியும் தாழப் பறந்து வருவதை அது ஓரளவு மறிக்கும். அந்த நாளில் போதிய உயரம் இருக்க வேண்டும் என்றால் இப்போதே விதைக்க வேண்டும்.

## 5. நாற்று

விதை வாங்கும்போதே தடுமாற்றம் தொடங்கும். வீரிய ஒட்டு விதைகள் பலவும் பூசணக்கொல்லி பூசி, இளஞ்சிவப்பாகவோ நீலமாகவோ வரும். இயற்கைச் சான்றுக்கு அது ஆகாது. நேர்த்தி செய்யாத விதை வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைத்தால்தான் கிடைக்கும்.

விதை நேர்த்திக்கு ஒரு கிலோவுக்கு டிரைக்கோடெர்மா விரிடி (நன்மை செய்யும் பூசணம்) 4 கிராம் அல்லது சூடோமோனாஸ் (நன்மை செய்யும் பாக்டீரியா) 10 கிராம் என்பது கணக்கு. ஏக்கருக்குச் சில நூறு கிராம் விதைதான் ஆகும், அதற்குத் தக்கபடி குறைத்துக்கொள்ளுங்கள்.

குழித்தட்டில், மக்கிய தென்னை நார்க்கழிவில் விதைத்து, 40 அல்லது 50 மெஷ் வலை கட்டிய கூரைக்குள் வையுங்கள். இந்த வலையில் சிக்கனம் பார்க்க வேண்டாம். நாற்றங்காலில் வெள்ளை ஈ முட்டையிட்டுவிட்டால், அதே முட்டையைத்தான் நீங்கள் சுமந்துபோய்த் துணிக்குள் வைத்து மூடப்போகிறீர்கள். வெளியே நாற்று வாங்குகிறவர்கள் இலையைத் திருப்பிப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

12 முதல் 15 நாள், இரண்டு உண்மை இலை. அதுதான் நடவுப் பருவம். இந்தக் குடும்பத்துக்கு வேர் கலைந்தால் பிடிக்காது. 20 நாளைத் தாண்டிய நாற்று தட்டிலேயே வேர் சுருண்டு, நட்ட பின் அசையாமல் நிற்கும், துணிக்குள் இருக்கும் விலைமதிப்பான நாட்கள் வீணாகும்.

நடவுக்கு முந்தின மாலை வேப்பெண்ணெய் ஒரு லிட்டர் நீருக்கு 5 மி.லி., கொஞ்சம் காதிச் சோப்புக் கரைசலோடு, இலையின் அடியில் படும்படி தெளியுங்கள். பெரிய செடிக்குச் சொல்லும் அளவை இளநாற்றில் தெளித்தால் இலை கருகும்.

## 6. பாத்தி, சொட்டுநீர், மல்ச்சிங்

ஏக்கருக்கு 8 டன் நன்றாக மக்கிய தொழு உரம். அரைகுறையாக மக்கியதைப் போட்டால் மூடிய துணிக்குள் சூடும் ஆவியும் கிளம்பும், கறையானும் வரும். வேப்பம்பிண்ணாக்கையும் அடியுரத்திலேயே கலந்துவிடுங்கள். மூடிய பிறகு மண்ணைக் கிளறும் வாய்ப்பே இல்லை.

பாத்தி போட்டபின் ஒரு தண்ணீர் விட்டு, முளைக்கும் களையை ஒருமுறை சுரண்டி எடுத்துவிடுங்கள். துணிக்குள் களைக்கும் அதே இதமான வெப்பம் கிடைக்கிறது, மூன்று வாரத்தில் செடியையே மூடிவிடும். மேலே வெள்ளி–கறுப்பு மல்ச்சிங் ஷீட் போட்டால் இந்தக் கவலை நட்ட குழியோடு நின்றுவிடும். வெள்ளிப் பக்கம் மேலே. துணியை எடுத்த பின்பு அந்தப் பளபளப்பு அசுவினியையும் இலைப்பேனையும் சற்று விலக்கும்.

பாத்தி போட்டு, குழாய் இழுத்து, ஷீட் போட்டபின் சொட்டுநீரை ஒரு முழுச் சுற்று ஓட்டி, ஒவ்வொரு வரிசையின் கடைசி முனையிலும் சொட்டுகிறதா என்று பார்த்துவிடுங்கள். மூடிய பிறகு அடைத்த சொட்டுவாய் கண்ணுக்குத் தெரியாது. பத்து நாள் கழித்துத் திறந்து பார்த்தால் வரிசையாகக் காய்ந்த செடி இருக்கும்.

## 7. நடவும் மூடுவதும் ஒரே நாளில்

"செடி வேர் பிடிக்கட்டும், ரெண்டு நாள் கழித்து மூடலாம்" என்பதுதான் துணியை வீணாக்கும் முடிவு. சிவப்பு வண்டுக்கு ஒரு காலை நேரம் போதும். அன்றைக்கு நட்ட வரிசையை அன்றைக்கே மூடுங்கள். ஒரு நாளில் மூட முடிந்த அளவுக்குத்தான் நட வேண்டும். ஆள் குறைவென்றால் வளைவுகளை முந்தின நாளே குத்தி வைத்துவிடுங்கள்.

பாத்திகளின் நீளம் காற்று வரும் திசையோடு இருந்தால் நல்லது. குறுக்கே இருந்தால் முழு நீளமும் காற்றை வாங்கும்.

வேலையின் வரிசை இது:

1. மாலை மூன்று மணிக்குமேல் நடுங்கள். நட்ட குழியைச் சுற்றி மண் அணைத்து, ஷீட்டின் ஓட்டையை மூடுங்கள். திறந்திருந்தால் ஷீட்டுக்கு அடியில் இருக்கும் சூடான காற்று அந்த ஓட்டை வழியாக வந்து தண்டைச் சுடும்.

2. வளைவுகளை ஷீட்டின் ஓரத்துக்கு வெளியே, மண்ணில் குத்துங்கள். முனை வளைவுகளைச் சற்று வெளிச்சாய்வாகக் குத்தினால் துணியின் இழுப்பைத் தாங்கும்.

3. காற்று வரும் முனையில் துணியை முதலில் புதைத்து, அங்கிருந்து மறுமுனைக்கு உருட்டிக்கொண்டு போங்கள். முரசு கட்டுவதுபோல இழுக்க வேண்டாம். இறுகிய துணி கம்பியில் உரசிக் கிழியும். ரொம்பத் தொய்ந்தாலும் மழைநீர் குட்டையாக நின்று செடிமேல் படுத்துவிடும்.

4. காற்றுப் பக்கத்து ஓரத்தை முழு நீளத்துக்கும் மண் போட்டு மூடுங்கள். மறுபக்கத்தில் மண் நிரப்பிய சிறு பைகளை இடைவெளி இல்லாமல் வரிசையாக வையுங்கள். பார்வையிடவும் பிறகு திறக்கவும் அந்தப் பக்கம்தான் வாசல். ஐந்தடிக்கு ஒரு கல் வைத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள், அந்த இடைவெளியில் வண்டு நடந்தே உள்ளே போகும்.

5. கடைசியாக மறுமுனையைப் புதையுங்கள். கிழிசல் எதுவும் இருந்தால் அன்றே பசை நாடா ஒட்டிவிடுங்கள்.

வளைவே இல்லாமல் துணியை நேராகச் செடிமேல் விரிப்பதும் சில இடங்களில் உண்டு. நம் பக்கத்துக் காற்றில் இலை உரசிப் புண்ணாகும், துணியைத் தொட்டுக் கொண்டிருக்கும் இலையில் பூச்சி வெளியிலிருந்தே வாய் வைக்கும். கம்பிச் செலவை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

பாத்தி ஓரத்தில் பத்துச் செடியை மட்டும் மூடாமல் விடுங்கள். ஊரில் இப்போது எந்தப் பூச்சி நடமாடுகிறது என்பதை அவை காட்டிக் கொடுக்கும். தேமல் தெரிந்தால் உடனே பிடுங்கிப் புதைத்துவிட வேண்டும்.

## 8. மூடியிருக்கும் நாட்களில்

துணிக்குள் ஆவியாதல் குறைவு. திறந்தவெளிப் பயிருக்கு விடும் அளவு தண்ணீரை விட்டால் நாற்றழுகல் வரும், ஈரத்தில் அடிச்சாம்பலும் தண்டில் பிசின் வடியும் நோயும் தொடரும். மண்ணில் விரலை விட்டுப் பார்த்து, இரண்டாவது விரல்கணு வரை காய்ந்திருந்தால் மட்டும் விடுங்கள். தண்ணீர் காலையில்தான். ஜீவாமிர்தம் கொடுப்பதானால் இரட்டைத் துணியில் வடிகட்டிச் சொட்டுநீரிலேயே விடலாம்.

வாரம் இருமுறை, பொழுது சாயும் நேரத்தில், ஒவ்வொரு பாத்தியிலும் இரண்டு இடத்தில் பையை நகர்த்தி இலையின் அடியைப் பாருங்கள். பார்த்ததும் மூடுங்கள். சில பாத்திகளில் உள்ளே ஒரு சிறு மஞ்சள் ஒட்டுப்பொறி குத்தி வைத்தால், பூச்சி நுழைந்திருப்பது உங்கள் கண்ணில் படும் முன்பே அதில் தெரிந்துவிடும்.

உள்ளே அசுவினி தெரிந்தால் பதற வேண்டாம், தள்ளிப்போடவும் வேண்டாம். வெளியே என்றால் பொறிவண்டு வந்து தின்னும். துணிக்குள் அதற்கு வழியில்லை, ஆகவே அசுவினி அசுர வேகத்தில் பெருகும். ஒன்றிரண்டு செடி என்றால் அவற்றைப் பைக்குள் போட்டுப் பிடுங்கி எடுத்துவிட்டு, சுற்றியுள்ள செடிகளுக்கு வேப்பெண்ணெய்–சோப்புக் கரைசல் தெளித்து மூடுங்கள். துணியின் மேலாகவே தெளித்தால் இலையின் அடிக்குப் போகாது, திறந்துதான் தெளிக்க வேண்டும். பாத்தி முழுக்கப் பரவியிருந்தால் அந்தப் பாத்தியின் துணியை எடுத்துவிடுவதே மேல். மூடி வைத்திருப்பதால் அசுவினிக்குத்தான் லாபம்.

எலியையும் மறக்க வேண்டாம். இதமான, மறைவான இடம் அதற்கும் பிடிக்கும். துணி ஓரத்தில் வளை தெரிந்தால் அன்றே எலிப்பொறி வையுங்கள்.

## 9. திறக்கும் நாள்

இந்த முறையில் லாபமும் நட்டமும் தீர்மானமாகும் இடம் இதுதான். சீக்கிரம் திறந்தால் பூச்சிக்கு இளங்கொடி கிடைக்கும். தாமதித்தால் தேனீ வராமல் பிஞ்சு வெம்பும்.

நாள்காட்டியைப் பார்த்துத் திறக்காதீர்கள், பெண் பூவைப் பாருங்கள். முதலில் வருவது ஆண் பூ, அதைக் கண்டு பதறித் திறப்பது பொதுவான பிழை. பெண் பூவின் மொட்டுக்குக் கீழே குட்டிப் பிஞ்சு உருண்டையாகத் தெரியும். முலாம்பழத்தில் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் ஒரே பூவில் இருக்கும் வகைகள் அதிகம். அவையும் பக்கக் கிளையில், அடியில் பிஞ்சோடு வரும், அவற்றுக்கும் தேனீ வேண்டும்.

வயலில் பல இடங்களில் 20 செடிகளை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் பாதிச் செடியில் பெண் மொட்டு தெரிந்ததும், இரண்டு மூன்று நாளுக்குள் திறந்துவிடுங்கள். பொதுவாக நட்ட 20 முதல் 25 நாளில் இது வரும். தர்பூசணியில் கொடியின் அடியில் வரும் முதல் பிஞ்சை எப்படியும் கிள்ளிவிடுவோம், அதனால் முதல் ஓரிரு பெண் பூ வீணானாலும் நட்டம் இல்லை. அந்த இரண்டு மூன்று நாள் தயக்கத்துக்கு இடம் அதுதான், அதற்கு மேல் இல்லை.

தர்பூசணிப் பெண் பூ ஒரே ஒரு காலைதான் விரிந்திருக்கும். சூல்முடியின் மூன்று பிரிவிலும் மகரந்தம் படாவிட்டால் காய் ஒரு பக்கம் சூம்பி, கோணலாக வரும். சந்தையில் கழிக்கப்படும் காய்களில் பல இப்படிப்பட்டவை. தேனீ பலமுறை வந்துபோக வேண்டும். ஏக்கருக்கு இரண்டு அடுக்குத்தேனீப் பெட்டி வைக்கலாம், ஆனால் துணியை எடுத்து வயலில் பூ தெரிந்த பிறகு வையுங்கள். முன்பே வைத்தால் அவை வேறு பூவுக்குப் பழகிவிடும்.

திறக்கும் முறை: முதல் நாள் மாலை இரு முனைகளை மட்டும். அடுத்த மாலை, நான்கு மணிக்குமேல், முழுத் துணியையும். நண்பகலில் திடீரென எடுத்தால், நிழலிலும் ஈரத்திலும் வளர்ந்த இலை வெந்து வெளுக்கும். அந்த மாலையிலேயே உள்ளே சுருண்டு கிடக்கும் கொடிகளை ஒரே திசையில் திருப்பிவிடுங்கள். காலையில் கொடி நீர் நிறைந்து விறைப்பாக இருக்கும், தொட்டால் ஒடியும். மாலையில் வளைந்து கொடுக்கும்.

மறுபடி மூடலாமா என்று கேட்கிறார்கள். அமெரிக்காவில் அயோவா மாநிலப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில், சுமார் மூன்றரை அடி உயர வளைவில் வலை போட்டு, பூக்கும் காலத்தில் மட்டும் எடுத்து, காய் பிடித்ததும் திரும்ப மூடும் முறையை ஆராய்ந்திருக்கிறார்கள். அங்கே வண்டு பரப்பும் பாக்டீரிய வாடல் பெரிய தொல்லை என்பதால் அந்தச் செலவு அவர்களுக்குக் கட்டும். நம் தாழ்வான வளைவில் கொடி ஏற்கெனவே வாய்க்காலுக்கு இறங்கியிருக்கும், மூடினால் மிதிபட்டு நாசமாவதுதான் மிச்சம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. மகரந்தம் இல்லாமலே காய்க்கும் பசுமைக்குடில் வெள்ளரி வகைகளுக்கு அறுவடை வரை வலைக்குள்ளேயே இருக்கலாம். விதைப் பொட்டலத்தில் அப்படி எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், நாட்டு வெள்ளரிக்கு இது பொருந்தாது.

## 10. திறந்த பிறகு

துணி எடுத்த வாரம்தான் பூச்சி கூட்டமாக வரும். ஓரிரு நாளில், தேனீ அடங்கிய பிறகு, வேப்பங்கொட்டைக் கரைசல் 5 சதவீதம் தெளியுங்கள். இடித்த வேப்பங்கொட்டைப் பருப்பு 5 கிலோவை இரவு ஊறவைத்து வடிகட்டி 100 லிட்டராக்கினால் அந்த அளவு. காலையில் எதையும் தெளிக்க வேண்டாம்.

பழ ஈக்கு க்யூலூர் கவர்ச்சிப் பொறி, ஏக்கருக்கு 10, பிஞ்சு பிடிக்கும் முன்பே கட்ட வேண்டும். அது ஆண் ஈயை மட்டும் பிடிப்பதால், குத்துப்பட்ட பிஞ்சையும் உதிர்ந்த காயையும் விடாமல் பொறுக்கி, இரண்டடி ஆழத்தில் புதைக்கவும் வேண்டும். வயலோரத்தில் கொட்டி வைத்தால் ஈ வளர்ப்பதற்குச் சமம்.

கந்தகத் தூள் இயற்கை முறையில் அனுமதி உள்ள பொருள்தானே என்று சாம்பல் நோய்க்கு அதைத் தூவிவிடாதீர்கள். கந்தகத் தூளும் தாமிரத் தூளும் இந்தக் குடும்பத்து இலைகளைக் கருக்கக் கூடியவை. நோய் தெரியும் முன்பே பேசிலஸ் சப்டிலிஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாவைத் தெளிப்பதும், அடர்ந்த அடி இலைகளைக் கழித்துக் காற்று ஓடவிடுவதும் போதும்.

பாகல், புடல், பீர்க்கு போன்ற பந்தல் பயிருக்கு ஒரு வார்த்தை. அவற்றுக்கு வரிசைத் துணி தேவையில்லை. குழிக்கு மூன்று குச்சி நட்டு, துணித் துண்டைச் சுற்றி, ஓரத்தை மண்ணில் அணைத்து, கொடி ஒன்றரை அடி வந்ததும் எடுத்துவிட்டால் வண்டுக் காலம் கடந்துவிடும்.

## 11. துணியை எடுத்து வைப்பது

17 கிராம் துணி ஒரு பட்டத்துக்குத்தான் நம்பகம். கிழியாமல் எடுத்தால் இரண்டாவது பட்டத்துக்கும் சில பாத்திக்கு ஆகும். வலை பல ஆண்டு வரும். பனி ஈரம் காய்ந்த பின் மண்ணைத் தட்டிவிட்டு, மடிக்காமல் குழாயில் உருட்டி, எலி எட்டாத உயரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். ஈரத்தோடு உருட்டினால் பூசணம் பிடித்து ஒளி புகாத துணியாகும்.

நோய் கண்ட பாத்தியின் துணியைத் தனியாக வைத்து, வெயிலில் நன்றாக உலர்த்தி, அடுத்த முறை வேறு குடும்பத்துப் பயிருக்குப் பயன்படுத்துங்கள்.

கிழிந்ததையும் வீணாக்க வேண்டாம். ஒரு சாண் சதுரமாக வெட்டிப் பை தைத்து, வீட்டுத் தோட்டத்துப் பாகல், பீர்க்கம் பிஞ்சுகளுக்குப் பூ வாடிய இரண்டாம் நாளில் மாட்டிக் கட்டினால் பழ ஈ தொடாது. மீதியை மண்ணோடு உழுதுவிடாமல், நூல்நூலாகப் பிரியும் முன் பொறுக்கி எடுத்து, பிளாஸ்டிக் கழிவு வாங்குகிறவரிடம் கொடுத்துவிடுங்கள். கொடுத்த தேதியைப் பதிவேட்டில் குறித்து வையுங்கள், சான்று ஆய்வுக்கு வருகிறவர் கேட்பார்.